‘ரோடென்ஷியா’ என்று எழுதும் முன் பல்லைப் பாருங்கள்

அறிவியல் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. எலியோ முயலோ மூஞ்சூறோ, சிறியதாக ஓடுகிற எதைப் பார்த்தாலும் ‘ரோடென்ஷியா’ என்று எழுதிவிடும் பழக்கத்தை அந்தக் கட்டுரைகளில் அடிக்கடி காண்கிறேன். இதை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஒரு விலங்கின் வரிசைப் பெயரை, அதாவது உறவுள்ள குடும்பங்களைத் தொகுக்கும் வகைப்பாட்டுப் பிரிவின் பெயரைச் சொல்லும்போது அது யாருக்கு உறவு என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். அதனால் பெயரின் எல்லை தெரிந்து எழுத வேண்டும்.

ரோடென்ஷியா என்பது பாலூட்டிகள் வகுப்பில் உள்ள ஒரு வரிசை. கொறிப்பதைக் குறிக்கும் ‘ரோடெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த பெயர் இது. 1821-இல் தாமஸ் எட்வர்ட் பௌடிச் சூட்டியது. அறியப்பட்ட பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்த ஒரே வரிசைக்குள் அடங்கிவிடுகின்றன. எலிகள் அதில் ஒரு பகுதிதான். அணில், பீவர், கினிப்பன்றி, உடலெங்கும் முள் சுமக்கும் முள்ளம்பன்றி, 50 கிலோவையும் தாண்டி வளரும் கேப்பிபாரா எல்லாமே இதன் உறுப்பினர்கள். எனவே ‘ரோடென்ஷியா, அதாவது எலி’ என்ற வரியை எங்கே கண்டாலும் அடித்துவிடுகிறேன்.

ஒரு விலங்கு இதில் சேருமா என்று அறிய முதலில் வாயைப் பாருங்கள். மேல்தாடையில் ஒரு இணை, கீழ்த்தாடையில் ஒரு இணை என வெட்டுப்பற்கள் நான்கே இருக்கும். அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்புறத்தில் மட்டும் கடினமான எனாமல் இருக்கிறது. பின்புறம் டென்டின் என்ற, அதைவிட மென்மையான பல்திசு. கொறிக்கும்போது பின்புறம் விரைவாகத் தேய்வதால் பல்லின் நுனி தானாகவே உளிபோல் கூர்மையடைகிறது. கோரைப்பற்கள் கிடையாது. வெட்டுப்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே அகலமான இடைவெளி தெரியும். வீட்டுச் சுண்டெலிக்கு மொத்தமே 16 பற்கள்தான்.

முயல் இங்கேதான் பிரிகிறது. அதன் மேல் வெட்டுப்பற்களுக்குப் பின்னால் சிறிய இன்னொரு இணை ஒளிந்திருக்கிறது. வகைப்பாட்டியலின் முன்னோடியான லின்னேயஸ் 1758-இல் எலி, அணில், முயல் ஆகியவற்றை ‘கிளிரஸ்’ என்ற ஒரே வரிசையில் வைத்தார். காண்டாமிருகத்தையும் அங்கேயே சேர்த்திருந்தார்! முயல் நெடுங்காலம் கொறிணிகளோடு, அதாவது ரோடென்ஷியா வரிசை விலங்குகளோடு இருந்து, 1912-இல் தொல்லுயிரியலாளர் கிட்லியின் ஆய்வுக்குப் பிறகே ‘லாகோமார்ஃபா’ என்ற தனி வரிசையாக நிலைபெற்றது. கிளிரஸ் என்ற பெயர் இன்றும் வழக்கில் உண்டு. இவ்விரு வரிசைகளையும் சேர்த்துச் சொல்ல அதைப் பயன்படுத்துகிறார்கள். முயலையும் எலியையும் ஒன்றாகக் குறிப்பிட வேண்டுமென்றால் அதுவே சரியான சொல்.

மூஞ்சூறு இன்னும் அதிகமாக ஏமாற்றும். அதன் அறிவியல் பெயரான ‘சங்கஸ் மியூரினஸ்’ என்பதிலேயே ‘எலி போன்ற’ என்ற பொருள் இருக்கிறது. ஆனாலும் அது பூச்சிகளைத் தின்னும் விலங்கு. கூரிய சிறு பற்கள் வரிசையாக இருக்கும், கொறிணியின் அகன்ற இடைவெளி இருக்காது. அது யூலிப்போடிஃப்லா வரிசையைச் சேர்ந்தது. முள்ளெலியும் அங்கேதான். பெயரில் எலி இருந்தும் முள்ளெலி கொறிணி அல்ல. பெயரில் பன்றி இருந்தும் முள்ளம்பன்றி கொறிணி.

பல்லை மட்டும் நம்பியும் முடிவெடுக்க முடியாது. மடகாஸ்கரின் ஐ-ஐ என்ற விலங்குக்கும் வெட்டுப்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். 1788-இல் இயற்கையியலாளர் கிமெலின் அதை அணில் பேரினத்தில்தான் வைத்தார். அது உண்மையில் குரங்குகளுக்கு உறவான லெமூர். ஆகவே சந்தேகம் வந்தால் அண்மைக்கால வகைப்பாட்டு நூலைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எழுதும் முறைக்கு வருகிறேன். ரோடென்ஷியா ஒரு குழுவின் பெயர். தனி விலங்கின் பெயர் அல்ல. ‘ஒரு ரோடென்ஷியா ஓடியது’ என்று எழுதக் கூடாது. லத்தீனில் அது ஏற்கெனவே பன்மை என்பதால் ‘ரோடென்ஷியாக்கள்’ என்பதும் வேண்டாம். ‘அணில் ரோடென்ஷியா வரிசையைச் சேர்ந்தது’ என்று எழுதுங்கள். தனி விலங்கைச் சொல்லக் கொறிணி, கொறித்துண்ணி என்ற தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது கொறிணி. சுருக்கமானது, வேற்றுமை உருபுகளையும் எளிதாக ஏற்கும். ரோமன் எழுத்தில் அச்சிடும்போது வரிசைப் பெயரின் முதலெழுத்து பெரியதாக இருக்க வேண்டும். ஆனால் சாய்வெழுத்து கூடாது. சாய்வெழுத்து பேரினத்துக்கும் சிற்றினத்துக்கும் உரியது.

எந்த அளவுக்குத் தெரியுமோ அந்த அளவுக்குக் குறுகிய பெயரையே தேர்ந்தெடுங்கள். சுண்டெலியைப் பற்றிய ஆய்வு என்றால் ‘மஸ் மஸ்குலஸ்’ என்றே சொல்லுங்கள்; அதன் முடிவை ‘கொறிணிகளில் இப்படி’ என்று விரித்தால் முள்ளம்பன்றிக்கும் பீவருக்கும் நீங்களே பொறுப்பேற்றது போலாகிவிடும். எலியும் பெருச்சாளியும் மட்டும் பேசப்படும் இடத்தில் ‘முரிடே குடும்பம்’ போதும்.

கொறிணிக்கொல்லி என்ற சொல்லில் கூடுதல் கவனம் தேவை. அந்தப் பெயர் மருந்தின் இலக்கைச் சொல்கிறதே தவிர, அதன் எல்லையைச் சொல்வதில்லை. புரோமடியோலோன் என்ற கொறிணிக்கொல்லி இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்வது. அது நாயின் உடலிலும் அதையே செய்யும், நஞ்சு தின்ற எலியைப் பிடித்த ஆந்தையையும் தாக்கும். இப்படிப்பட்ட மருந்தைப் பற்றிய கட்டுரையில் ‘கொறிணிகளுக்கு மட்டும் நஞ்சு’ என்ற தொடர் வந்தால், ‘மட்டும்’ என்ற சொல்லை நான் அடித்துவிடுகிறேன்.