ஊர் வாட்ஸ்அப் குழுவில் பேர் கெட்டால்: அவதூறு வழக்கு, அடிப்படையிலிருந்து

மன்னார்குடி பக்கம் விதை, உரக்கடை வைத்திருக்கிற நண்பர் ஒரு நாள் விடிகாலையில் போன் செய்தார். ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "அந்தக் கடையில காலாவதியான விதை மூட்டைக்குப் புது லேபிள் ஒட்டி விக்கிறாங்க" என்று போட்டுவிட்டாராம். மேட்டூர் திறந்து, குறுவைக்கு விதை வாங்குகிற நேரம். பதிலுக்கு அசிங்கமாக ஒரு வாய்ஸ் நோட் அனுப்பிவிட்டுத்தான் எனக்கே போன் செய்திருக்கிறார். எதிராளிக்கும் ஒரு புகார் கையில் கிடைத்தாயிற்று. எனவே முதல் வேலை: வாயை மூடிக்கொள்வது. அப்புறம் கீழே உள்ளவை.

படி 1: சொன்னது அவதூறுதானா?

"விலை ஜாஸ்தி", "மரியாதையாப் பேச மாட்டார்" என்பதெல்லாம் அபிப்பிராயம், விட்டுவிடுங்கள். "லேபிள் மாற்றுகிறார்" என்பது நடந்ததாகச் சொல்லப்படும் செய்தி. அதுதான் வழக்குக்கு நிற்கும். பெயர் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. "பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள உரக்கடை" என்றாலே ஊருக்குப் புரியும் என்றால் போதும். ஆனால் உங்களைத் தவிர இன்னொருவராவது அதைப் படித்திருக்க வேண்டும். உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்பிய வசவு அவதூறு ஆகாது.

படி 2: ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள்

கோபத்தில் குழுவை விட்டு வெளியேறாதீர்கள். அனுப்பியவரின் நம்பர், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முன்னும் பின்னும் உள்ள பேச்சும் சேர்ந்து வரட்டும். போனை ரீசெட் செய்யவோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ வேண்டாம். பிரிண்ட் எடுத்துக் கோர்ட்டில் கொடுப்பதானால், பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பல வழக்குகள் இந்தக் காகிதத்தில்தான் தடுக்கிக்கொள்கின்றன. குழுவில் அதைப் படித்த ஒருவரைச் சாட்சிக்கும் கேட்டு வையுங்கள். ஊர்க்காரர் கோர்ட்டுப்படி ஏறத் தயங்குவார், அது வேறு கதை.

படி 3: அவர் சொன்னது உண்மையா?

இதை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், வக்கீல் கேட்பதற்கு முன்னால். நஷ்டஈடு வழக்கில், சொன்னது உண்மை என்று அவர் நிரூபித்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. குற்ற வழக்கில் உண்மை மட்டும் போதாது. பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் அவர் காட்ட வேண்டும். நண்பரை உட்காரவைத்து, இருப்புப் பதிவேடு, கொள்முதல் பில், மூட்டையில் உள்ள சான்று அட்டையின் லாட் எண், காலாவதி தேதி எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தோம். சரியாக இருந்தது. அதற்கப்புறம்தான் எனக்கே தைரியம் வந்தது.

படி 4: வக்கீல் நோட்டீஸ்

பதிவை நீக்க வேண்டும், அதே குழுவில் மறுப்பும் மன்னிப்பும் போட வேண்டும், இத்தனை நாளுக்குள். இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். கோடி ரூபாய் கேட்கிற நோட்டீஸை எதிர்த்தரப்பு வக்கீலே சிரித்துக்கொண்டு படிப்பார்.

படி 5: எந்தக் கோர்ட்டு, எத்தனை நாள்?

சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்பது ஒரு வழி. இதற்குக் கெடு 1 வருஷம். இந்தக் குறுவைக்கு வந்த வதந்திக்கு அடுத்த குறுவைக்குள் வழக்குப் போட்டாக வேண்டும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும் தொகைக்கு ஏற்பக் கோர்ட் கட்டணமும் உண்டு.

இன்னொன்று குற்ற வழக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 ஆகிவிட்டன. 2 வருஷம் வரை வெறுங்காவல் (கடும் வேலை இல்லாத சிறை), அபராதம், இரண்டும், அல்லது சமுதாய சேவை. கெடு 3 வருஷம். போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றம் இது. ஸ்டேஷனில் "கோர்ட்டுக்குப் போங்க" என்றால் அலட்சியம் என்று சண்டை போடாதீர்கள், சட்டமே அப்படித்தான். பாதிக்கப்பட்டவர் குற்றவியல் நடுவரிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். பேச்சைக் குற்றமாக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2016-இல் இந்தப் பிரிவுகள் செல்லும் என்று தீர்ப்பானது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. சிறைப் பயம் காட்டி வாயடைக்க இது வசதியாக இருக்கிறது.

நீங்களே வழக்கில் மாட்டிக்கொள்கிற பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பத்துக்கு (மூட்டைக்கு) இவ்வளவு என்று காசு கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளின் போட்டோவோடு பேஸ்புக்கில் "திருடன்" என்று போட்டால் உங்கள் மேல் வழக்கு வரலாம். அதையே கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலோ, விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலோ மனுவாக நல்லெண்ணத்தோடு கொடுத்தால் சட்டமே விலக்குத் தருகிறது: நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவரிடம் செய்யும் புகார் அவதூறு ஆகாது. வேண்டுமென்றே பொய் எழுதினால் இந்த விலக்கு கிடைக்காது. வந்ததை ஃபார்வர்டு செய்தேன், நான் எழுதவில்லை என்பதும் தப்பிக்கும் வழி இல்லை.

நண்பரின் விஷயம் நோட்டீஸோடு முடிந்தது. குற்ற வழக்கே போட்டிருந்தாலும் இரு தரப்பும் சமாதானமாகப் போகச் சட்டத்தில் இடம் உண்டு. எதிராளி அதே குழுவில் இரண்டு வரி மறுப்புப் போட்டார். அதற்குக் கீழேயே நண்பரும், தன் வாய்ஸ் நோட்டுக்காக, மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.