மன்னிப்பை அவசரப்படுத்தாதீர்கள்: மறுசீரமைப்பு நீதிக் கூட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நீ மன்னிப்புக் கேள். நீ பரவாயில்லை என்று சொல். இரண்டு பேரும் கை கொடுங்கள். சரி, வகுப்புக்குப் போங்கள்."

தலைமையாசிரியர் அறையில் இது முடிய ஐந்து நிமிடம்கூட ஆகாது. அடித்தவன் தப்பித்த நிம்மதியோடு வெளியே வருகிறான். அடிபட்டவனோ தனக்கு என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்வதற்குள்ளேயே அதை மன்னித்தும் முடித்துவிட்டான். பல பள்ளிகளில் இதற்குத்தான் 'மறுசீரமைப்பு நீதி' என்று பெயர் வைக்கிறார்கள். தண்டனை இல்லை, சத்தம் இல்லை, ஆகவே நல்ல முறை என்ற எண்ணம்.

உண்மையில் மறுசீரமைப்பு நீதி என்பது, தீங்கு செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் விருப்பத்தோடு கூடி, நடந்ததைப் பேசி, அதைச் சரிசெய்யும் வழியைத் தாங்களே முடிவு செய்வது. இந்த முறையின்மேல் எனக்கு மிகுந்த நம்பிக்கை உண்டு. அதனால்தான் இப்படி நடப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. நார்வே நாட்டுக் குற்றவியல் அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1977இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஒரு சச்சரவு அதில் சிக்கியவர்களின் சொத்து, அதை வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். நீதிமன்றத்தை மனத்தில் வைத்து அவர் சொன்னது, பள்ளிக்கும் ஊருக்கும் அப்படியே பொருந்தும். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை பெரியவர்களாகிய நாம், நல்லெண்ணத்தோடுதான், அந்தச் சொத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும் வழிகள்.

கூட்டம் போட்டால் போதும் என்று நினைப்பது

இந்த முறையின் வரலாற்றைச் சொல்பவர்கள் 1974இல் தொடங்குவார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற ஊரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் புகுந்து நாசம் செய்தார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள். இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் பார்த்துப் பேசினால் நல்லது என்று நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்சி நீதிபதியிடம் சொன்னார். முதலில் தயங்கிய நீதிபதி பிறகு ஒப்புக்கொண்டார். இருவரும் வீடு வீடாகப் போனார்கள், பின்னர் இழப்பீடும் கொடுத்தார்கள்.

அழகான கதை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு, எதிரும் புதிருமாக உட்கார வைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்வதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. நேருக்கு நேர் உட்காரும் ஒரு மணி நேரம் இந்த வேலையின் சிறு பகுதி. அதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்க வேண்டும். யார் வருவார்கள், யார் எங்கே உட்காருவார்கள், யார் முதலில் பேசுவார்கள் என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். "உனக்கு இதிலிருந்து என்ன வேண்டும்?" என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். சில நேரம் பதில் மிகச் சின்னதாக இருக்கும்: "ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தான் என்று தெரிந்தால் போதும்." சில நேரம், "அவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு விருப்பமில்லை." அப்படியானால் கூட்டம் கிடையாது. கடிதம் மூலமோ இன்னொருவர் வழியாகவோ பேச வழி இருக்கிறது.

இங்கே சமரசமே கூடாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஐக்கிய நாடுகள் அவை 2002இல் இதற்கென ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கோட்பாடுகளும் இவற்றைத் தெளிவாகச் சொல்கின்றன. ஒன்று, இரு தரப்பும் தம் விருப்பத்தோடு வர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். இன்னொன்று, என்ன நடந்தது என்ற அடிப்படை விவரத்தில் இரு தரப்புக்கும் உடன்பாடு இருக்க வேண்டும். "வந்தால் வா, வராவிட்டால் இடைநீக்கம்" என்று சொல்லி அழைத்து வருவதை விருப்பம் என்று சொல்ல முடியாது. "நான் செய்யவே இல்லை" என்று சொல்பவனை, எல்லோரும் வட்டமாக உட்காரும் இந்தக் கூட்டத்தில் உட்கார வைத்தால் அங்கே நடப்பது விசாரணை. பாதிக்கப்பட்ட பெண் அத்தனை பேர் முன்னால் தான் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவாள். முதலில் பட்ட காயத்தைவிட இது ஆழமாகப் போகும்.

"ஏன் செய்தாய்?"

ஆஸ்திரேலியாவின் வாகா வாகா நகரில் 1991இல் காவல்துறை இளையோருக்கான கூட்டங்களை நடத்தத் தொடங்கியது. அதை முன்னெடுத்த காவல் அதிகாரி டெர்ரி ஓ'கானல், கேள்விகளை ஒழுங்குபடுத்தி ஒரு வரிசையாக்கினார். இன்று உலகெங்கும் பள்ளிகளில் புழங்கும் கேள்விகளுக்கு அதுதான் வேர்: என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்? இப்போது என்ன தோன்றுகிறது? யாரெல்லாம் பாதிக்கப்பட்டார்கள்? இதைச் சரிசெய்ய என்ன செய்யலாம்?

இதில் 'ஏன்' இல்லை என்பதைக் கவனியுங்கள். பதின்மூன்று வயதுப் பையனிடம் ஏன் என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. தெரியாததை மறைக்க ஒரு சாக்கைத் தேடுவான், அப்புறம் அந்தச் சாக்கைக் காப்பாற்றுவதே அவன் வேலையாகிவிடும். அப்போது என்ன நினைத்தாய் என்று கேட்டால் நினைவுபடுத்திச் சொல்ல அவனிடம் ஏதோ ஒன்று இருக்கும்.

அதற்காகக் கேள்விகளை ஒரு அட்டையில் அச்சடித்து, மனப்பாடமாக ஒப்பித்தாலும் பயன் இல்லை. பிள்ளைகள் இரண்டே வாரத்தில் 'சரியான' பதில்களைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் வரும் மௌனத்தைப் பெரியவர்கள் தாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இதுதான் கஷ்டம். நான்கு நொடி அமைதிகூடப் பொறுக்காமல் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவோம். கூட்டத்தை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் பேசும் நேரம் கூடக்கூட, மற்றவர்களின் கூட்டம் அவருடைய கூட்டமாகிக்கொண்டே போகும்.

மன்னிப்பை இலக்காக வைப்பது

மன்னிப்புக் கேட்பது நல்லது, அது தானாக வரும்போது. முன்னமே எழுதிக் கொடுத்து வாங்கும் மன்னிப்பை அறையில் உள்ள எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அதைவிடக் கொடுமை, அந்த மன்னிப்பை ஏற்கும்படி பாதிக்கப்பட்டவரை நெருக்குவது. "அவன்தான் கேட்டுவிட்டானே, நீயும் கொஞ்சம் பெரிய மனசு பண்ணு." மன்னிக்காமலே ஒருவர் அந்த அறையை விட்டுப் போகலாம். அவர் கேள்விகளுக்குப் பதில் கிடைத்திருந்தால், இனி நடக்காது என்ற உறுதி கிடைத்திருந்தால், அது நல்ல கூட்டம்தான்.

வெட்கப்பட வைப்பதும் இதே வகைதான். செய்த செயலை எண்ணி ஒருவன் வெட்கப்படுவதும், 'நீ இப்படிப்பட்டவன்' என்று முத்திரை குத்தப்பட்டு வெட்கப்படுவதும் ஒன்றல்ல என்று ஆஸ்திரேலியக் குற்றவியல் அறிஞர் ஜான் பிரெய்த்வெயிட் பிரித்துக் காட்டினார். முன்னது ஆளை மற்றவர்களோடு மீண்டும் சேர்க்கிறது, பின்னது வெளியே தள்ளுகிறது. வட்டத்தில் பத்துப் பேர் ஒருவனைப் பார்த்து மாறி மாறித் திட்டினால் நடப்பது இரண்டாவதுதான்.

கொடுமையைச் சண்டையாக நடத்துவது

இரண்டு பேர் அடித்துக்கொள்வது வேறு, ஒருவனை நான்கு பேர் மாதக்கணக்கில் குறிவைத்து வதைப்பது வேறு. இரண்டாவதில் "இரண்டு பக்கமும் தப்பு இருக்கும்" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆளுக்குப் பாதி பொறுப்பு என்று பங்கிட்டால் வதைத்தவர்களுக்கு அது வெற்றி. பாலியல் துன்புறுத்தல், வீட்டுக்குள் நடக்கும் வன்முறை போன்றவற்றை எந்தப் பள்ளியும் வட்டம் போட்டுத் தீர்க்க முனையவே கூடாது. குழந்தையின் பாதுகாப்பும் சட்டப்படி செய்ய வேண்டிய புகாரும்தான் முதலில். அதற்குப் பிறகு ஒரு கட்டத்தில் சந்திப்பு பொருந்துமா என்பதைத் தனிப் பயிற்சி பெற்றவர்கள், பாதிக்கப்பட்டவர் கேட்டால் மட்டுமே, யோசிக்கலாம்.

குடும்பம் என்றால் அப்பா, அம்மா மட்டும் என்று எண்ணுவது

இந்த முறையின் இன்னொரு வடிவம் குடும்பக் குழு கலந்தாய்வு: பிள்ளையைப் பற்றிய திட்டத்தை அவன் குடும்பமே கூடி வகுக்கும் கூட்டம். இது நியூசிலாந்திலிருந்து வந்தது. அங்கே பூர்வகுடிகளான மாவோரி மக்களின் குழந்தைகளைப் பற்றிய முடிவுகளை அவர்களின் உற்றார் உறவினரைக் கேட்காமல் அதிகாரிகளே எடுத்துவந்தார்கள். எத்தனையோ குழந்தைகள் சொந்தபந்தத்திலிருந்து பிரிக்கப்பட்டார்கள். மாவோரி மூத்தவர் ஜான் ராங்கிஹாவ் தலைமையிலான குழு 1980களில் அளித்த அறிக்கை இதை வெளிப்படையாகக் கண்டித்தது. 1989இல் வந்த சட்டம் குடும்பக் குழு கலந்தாய்வை முறையின் மையத்தில் வைத்தது. குழந்தைப் பாதுகாப்புக்கும் இளையோர் செய்யும் குற்றங்களுக்கும் அது பொருந்தும்.

மாவோரி மொழியில் 'ஃபானாவ்' என்றால் தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா எல்லோரும் சேர்ந்த பெரிய குடும்பம். அதனால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட இரண்டு கோடுதான் இருக்கிறது என்று இரண்டே பேரை அழைத்தால் இந்த முறையின் உயிரே போய்விடும். பையன் உண்மையில் யார் சொன்னால் கேட்பான்? பெற்றோரால் முடியாத நாளில் யார் வீட்டில் தங்குவான்? இதை அவனிடமே கேட்டுப் பட்டியல் போடுங்கள். பெரும்பாலும் நாம் நினைத்தே பார்க்காத ஒரு பெயர் வரும்.

அடுத்த தவறு இன்னும் நுட்பமானது. கலந்தாய்வில் முதலில் சமூகப் பணியாளர், ஆசிரியர் போன்றோர் தமக்குத் தெரிந்த தகவல்களைச் சொல்வார்கள். பிறகு அவர்கள் அறையை விட்டு வெளியே போக வேண்டும். குடும்பம் தனியே உட்கார்ந்து பேசித் திட்டத்தை வகுக்கும். அதற்கப்புறம்தான் எல்லோரும் மீண்டும் கூடிப் பார்ப்பார்கள். இந்தத் தனி நேரத்தைத்தான் அலுவலர்கள் அடிக்கடி வெட்டிவிடுகிறார்கள். "நேரமாகிறது", "இவர்களால் முடியாது", "உதவிக்கு நான் ஓரமாக இருக்கிறேன்." ஓரமாக இருந்தாலும் அலுவலர் அலுவலர்தான். அவர் முன்னால் எந்தக் குடும்பமும் தன் கடன், குடி, பழைய பகை ஆகியவற்றைப் பேசாது. திட்டத்தை முன்னமே தட்டச்சு செய்து கொண்டுவந்து கையெழுத்து மட்டும் கேட்பதும் நடக்கிறது. அந்தத் திட்டத்தை யாரும் தம்முடையதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

குடும்பத்தை நம்பினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தில், குழந்தையை அரசுப் பராமரிப்பில் எடுப்பது பற்றி நீதிமன்றத்துக்குப் போகும் தறுவாயில் இருந்த குடும்பங்களிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. கலந்தாய்வுக்குப் பரிந்துரைக்கப்பட்ட குடும்பங்களில் ஓராண்டு கழித்து 36 சதவீதக் குழந்தைகளே அரசுப் பராமரிப்பில் இருந்தார்கள். மற்ற குடும்பங்களில் அது 45 சதவீதம்.

இடைநீக்க எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 2015 முதல் 2017 வரை 44 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் மறுசீரமைப்பு முறை, பாதியில் வழக்கமான முறை. புதிய முறை வந்த பள்ளிகளில் இடைநீக்கம் குறைந்தது, பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மதிப்பெண் குறைந்தது. ஆசிரியர்கள் வகுப்பைச் சரியாகக் கட்டுக்குள் வைக்கவில்லை என்றும் மாணவர்கள் சொன்னார்கள்.

இதை ஆதரவாளர்கள் மறைக்கக் கூடாது. தண்டனையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காவிட்டால் பாதிக்கப்படுவது அமைதியாகப் படிக்க வந்த பிள்ளைதான். தகராறு வராத நாட்களிலும் வகுப்பில் வட்டமாக உட்கார்ந்து பேசும் பழக்கம் இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்கு அதற்கு நேரமும் பயிற்சியும் வேண்டும். பொறுமையும் வேண்டும். தென்கிழக்கு இங்கிலாந்தில் 40 மேல்நிலைப் பள்ளிகளில் இந்த முறை பற்றி நடந்த ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாயின. மூன்று ஆண்டு முடிவில் மாணவர்கள் ஒருவரையொருவர் கொடுமைப்படுத்துவது சிறிதளவு குறைந்திருந்தது, முரட்டு நடத்தையில் தெளிவான மாற்றம் இல்லை. ஒரே பருவத்தில் அதிசயம் நடக்கும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம்.

கையெழுத்தோடு மறந்துவிடுவது

"இனி நல்ல பிள்ளையாக நடந்துகொள்வேன்" என்பது ஒப்பந்தம் ஆகாது. யார், என்ன, எந்தத் தேதிக்குள், சரிபார்ப்பவர் யார் என்ற நான்கும் தாளில் இருக்க வேண்டும். உடைத்த கைப்பேசிக்கு ஈடு என்றால் எவ்வளவு, எத்தனை தவணை, பணம் அவன் உழைத்ததா, அப்பா கொடுத்ததா என்பதுவரை. பள்ளியைப் பெருக்குவது போன்ற, நடந்த தீங்கோடு தொடர்பே இல்லாத வேலையைப் போட்டால் அது பழைய தண்டனைதான்.

அந்தத் தேதி வரும்போது பெரும்பாலும் யாருக்கும் நினைவிருப்பதில்லை. திட்டம் பாதியில் நின்றால் உடனே தண்டனைக்குத் தாவாமல், அதே ஆட்களை மீண்டும் கூட்டி எது நடக்கவில்லை, ஏன் முடியவில்லை என்று பார்க்கலாம். பல நேரம் திட்டமே நடக்க முடியாததாக இருந்திருக்கும். அப்புறம், தீங்கு செய்தவன் என்ன ஆனான் என்று விசாரிக்கும் அதே அக்கறையோடு பாதிக்கப்பட்டவரையும் போய்ப் பாருங்கள். ஆறு வாரம் கழித்து அவள் எந்த வழியாக வீட்டுக்குப் போகிறாள், இடைவேளையில் யாரோடு உட்காருகிறாள் என்று கேளுங்கள். அவள் இன்னும் சுற்று வழியில் போய்க்கொண்டிருந்தால், கோப்பை மூட வேண்டாம்.