ஹான் சின்னைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எப்படி

பின்னேர வகுப்பில் பழைய சீனத்துத் தளபதி ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறீர்களா? ஆண்டுகளை எழுதிப் போடாமல் பசியிலிருந்து தொடங்குங்கள். ஹான் சின் சோற்றுக்கு வழியில்லாமல் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர், அங்கே பட்டுப் பஞ்சு அலச வந்த ஒரு கிழவிதான் பல நாள் சாப்பாடு கொடுத்தாள். பீலிக்கரையில் துணி துவைக்கும் அம்மாயியைத் தினமும் பார்க்கிற நம் லயத்துப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும்.

அப்புறம் வேலை. பின்னால் சீன நாட்டுக்காக மோதிக்கொண்ட இரண்டு தலைவர்களில் ஒருவரான சியாங் யூவிடம் காவலாளாக இருந்தார், சொன்ன யோசனை எதுவும் அங்கே எடுபடவில்லை. கி.மு. 206-ல் மற்றத் தலைவரான லியூ பாங்கிடம் போனால் அங்கேயும் தானியக் கணக்கு உத்தியோகம்தான். வெறுத்துப்போய்க் கிளம்பியவரை சியாவ் ஹ என்ற அமைச்சர் துரத்திப் பிடித்து வந்து, இவரைத் தளபதியாக்கினால்தான் நாடு கிடைக்கும் என்று மன்னரிடம் மல்லுக்கு நின்றார். சியாவ் ஹ என்ற இந்த ஒரு பெயரை மட்டும் கரும்பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அப்படித் தளபதியான பிறகு ஹான் சின் நடத்திய வெய் ஆற்றுப் போர் வாயால் சொன்னால் விளங்காது. மழை நன்றாக விட்ட நாளாகப் பார்த்து லயத்துக் கானுக்குக் கூட்டிப் போங்கள் (மழை பலமென்றால் அந்தப் பக்கமே வேண்டாம்). பழைய உரப் பையை வெட்டிச் சின்ன மூட்டைகள் கட்டி, மண் நிரப்பி, மேல்பக்கம் அடைக்கச் சொல்லுங்கள். ஹான் சின் இரவோடு இரவாக 10,000-க்கு மேற்பட்ட மூட்டைகளால் ஆற்றை அடைத்து, பாதிப் படையோடு கடந்துபோய் அடித்து, தோற்றவர்போலத் திரும்பி ஓடினார். எதிரித் தளபதி லோங் ஜு, இவன் கோழை என்று தெரிந்ததுதானே என்று துரத்தி வர, மேலே மூட்டைகளை எடுத்துவிட்டார்கள். வெள்ளம் படையை இரண்டாக்கியது. கரையேறியவர்களோடு லோங் ஜுவும் மாண்டார்.

மூட்டையை இழுக்கிற பிள்ளையிடம், கொஞ்சம் முந்தி இழுத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒரு சின்னவள், "அவங்க அந்தக் கரையிலயே நின்னுக்குவாங்க சேர்" என்றாள். போர் அவளுக்கு விளங்கிவிட்டது.

முடிவை மறைக்க வேண்டாம். கி.மு. 202-ல் காய்ஷியாவில் சியாங் யூவை முறியடித்து, சூ நாட்டு மன்னராகி, அந்தக் கிழவியைத் தேடி 1,000 பொன் கொடுத்தார். அடுத்த ஆண்டே பதவியை இறக்கினார்கள். கி.மு. 196-ல் கலகக் குற்றம் சாட்டி லியூ பாங்கின் மனைவி பேரரசி லூ கொல்லச் செய்தார், அரண்மனைக்கு நைசாக வரவழைத்தது யார் தெரியுமா, அதே சியாவ் ஹ. இந்த இடத்தில் கரும்பலகையைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளைகள் முதலில் பேசட்டும்.