டெல்லிக் குளிரில் சைக்கிள்: அண்ணன் மகளுக்குச் சொன்னவை

என் அண்ணன் மகள் போன ஜூலையில் ஜே.என்.யு.வில் சேர்ந்தாள். ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் அவளுக்கு ஒரு சாதாரண சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். நவம்பர் கடைசியில் போன் செய்து, "அத்தை, இனிமே மார்ச் வரைக்கும் சைக்கிளை மூட்டை கட்டி வெச்சிடணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதன் பிறகு ஒவ்வொன்றாக அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரிலிருந்து டெல்லிக்குப் புதிதாக வந்திருக்கும் வேறு யாருக்காவதும் உதவும்.

நான் தூத்துக்குடிக்காரி. 25 வயதில் வேலை கிடைத்து இங்கே வரும்வரை ஸ்வெட்டர் என்ற ஒன்றைப் போட்டதே இல்லை. இப்போது 14 வருஷமாக ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலிருந்து ரைசினா பக்கம் இருக்கும் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகிறேன். ஒரு வழிக்கு எட்டு கிலோமீட்டர் சொச்சம். இத்தனை வருஷத்தில் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: குளிரைத் துணியால் சமாளித்துவிடலாம். பனிமூட்டத்தையும் கெட்ட காற்றையும் அப்படிச் சமாளிக்க முடியாது. அதனால் எந்தக் காலையில் சைக்கிளை எடுப்பது, எந்தக் காலையில் பூட்டிவிட்டு மெட்ரோவுக்குப் போவது என்பதை முதலில் பழகிக்கொள்ள வேண்டும்.

எனக்கு அளவுகோல் எங்கள் மொட்டை மாடி. அங்கிருந்து பார்த்தால் மலை மந்திர் என்கிற முருகன் கோயிலின் கோபுரம் தெரியும். மார்கழியில் மைக்கில் திருப்பாவை கேட்கும்போதே காப்பி டம்ளரோடு மாடிக்குப் போய்விடுவேன். கோபுரம் தெரிந்தால் சைக்கிள். கோபுரம் மறைந்து எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரிந்தால் அரை மணி நேரம் தள்ளிக் கிளம்புவேன். தொட்டியும் தெரியவில்லை என்றால் ஆர்.கே.புரம் மெட்ரோ, ஹௌஸ் காஸில் இறங்கி மஞ்சள் லைன். நீங்களும் உங்கள் வீட்டிலிருந்து 200 மீட்டரில் ஒன்று, 50 மீட்டரில் ஒன்று என்று இரண்டு அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வானிலைத் துறை அடர்ந்த மூடுபனி என்று சொல்வது 200 மீட்டருக்குள் பார்வை சுருங்கும்போதுதான். 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்ந்தது. 50 மீட்டர் கூடத் தெரியாத ரோட்டில் யாரும் சைக்கிளில் போகக்கூடாது, எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சரி.

பனிமூட்டம் எப்போது வரும் என்பதை முந்தின நாள் ராத்திரியே ஓரளவு ஊகிக்கலாம். வானம் தெளிவாக இருந்து, காற்று அசையாமல், தரை ஈரமாக இருந்தால் வரும். ராத்திரி முழுக்கத் தரை தன் சூட்டை விட்டுவிட, அதை ஒட்டிய காற்றில் இருக்கும் ஈரம் அப்படியே திவலையாக நின்றுவிடுகிறது. அதனால்தான் ஜனவரியில் ஒரு மழை பெய்து வானம் வெளுத்தால், அடுத்த இரண்டு மூன்று காலை மோசமாக இருக்கும். சூரியன் வந்ததும் கலைந்துவிடும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். விடிந்த பிறகு கொஞ்ச நேரம் இன்னும் கெட்டியாவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மரத்தின் நுனி இலை அசைய ஆரம்பித்தால் சரி, கலையப் போகிறது என்று அர்த்தம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரிக் காலை. தொட்டி மங்கலாகத் தெரிந்தது, ஆபீசில் ஒரு கோப்பு அவசரம், கிளம்பிவிட்டேன். ரிங் ரோட்டைத் தாண்டி சாந்தி பாத்தில் ஏறியதும் பனி சட்டென்று இறங்கியது. விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. எனக்கு முன்னால் எங்கேயோ கிரீச், கிரீச் என்று எண்ணெய் காணாத ஒரு சக்கரத்தின் சத்தம். பிரேக்கைப் பிடித்தேன். ரிம்மெல்லாம் பனி ஈரம். பிரேக் கட்டை வழுக்கியதே தவிரப் பிடிக்கவில்லை. வெள்ளையாக ஒரு குவியல் கண்ணுக்கு முன் வந்தது. முட்டைக்கோஸ். காய்கறித் தள்ளுவண்டியின் பின்பலகையில் என் முன் சக்கரம் இடித்து, நான் ரோட்டில் சாய்ந்தேன். வண்டிக்காரர் ஓடி வந்தார். வந்தவர் என்னைத் தூக்கக் குனியவில்லை. எனக்குப் பின்னால் போய், வரும் கார்களைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றார். நான் எழுந்து சைக்கிளை ஓரத்துக்கு இழுக்கும்வரை அப்படியே நின்றார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அவருடைய முகம் இன்றைக்கும் எனக்கு நினைவில் இருக்கிறது.

அன்றைக்குப் பிறகு மூன்று விஷயத்தில் நான் மாறினேன். ஒன்று பிரேக். ஈரக் காலையில் கிளம்பியதும், தேவை இருக்கிறதோ இல்லையோ, நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரேக்கை லேசாக உரசவிட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டே போவேன். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. இரண்டாவது காது. பனியில் கண்ணை விடக் காதுதான் முதலில் சொல்லும். அதனால் காதை மூடுகிற தடித்த மங்கி கேப் வேண்டாம். ஹெல்மெட்டுக்குள் அடங்கும் மெல்லிய உல்லன் குல்லா போதும். இயர்போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள். மூன்றாவது விளக்கு.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். முன் விளக்கை நேராக நீட்டிவைத்தால், பனியில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். அதனால் பத்தடி தள்ளித் தரையில் விழுமாறு சாய்த்து வையுங்கள். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு போதாது. சீட்டுக்குக் கீழே நிலையாக எரியும் ஒன்று, பையிலோ ஹெல்மெட்டிலோ மினுக்குகிற ஒன்று. மினுக்குவது கவனத்தை இழுக்கும், நிலையாக எரிவது நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று காட்டும். சார்ஜ் செய்யும் விளக்குகள் குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடும், தினமும் ராத்திரி சார்ஜில் போடுங்கள். அப்புறம், ரேடியம் டேப். ஸ்டிக்கர் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதை மட்கார்டில் ஒட்டுவதை விடப் பெடல் கட்டையிலும் செருப்போ ஷூவோ அதன் குதிகாலிலும் ஒட்டுங்கள். மேலும் கீழும் ஆடுகிற இரண்டு வெளிச்சப் புள்ளியைப் பார்த்தால் எந்த டிரைவருக்கும் அது சைக்கிள் என்று ஒரு நொடியில் புரிந்துவிடும். டிசம்பரில் சாயங்காலம் ஐந்தரைக்கே சூரியன் போய்விடும் என்பதால், திரும்பி வரும்போது பனி இல்லாவிட்டாலும் இவ்வளவும் வேண்டும்.

இன்னொன்று: கார் கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து மங்கியிருக்கும். டிரைவர் துடைத்த சின்ன வட்டத்துக்குள்தான் ரோட்டைப் பார்ப்பார். நீங்கள் அந்த வட்டத்துக்குள் இல்லை என்றே எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்கு வருகிறேன். சைக்கிள் மிதிக்கும்போது, சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறோம். ஆகவே இதில் வீரம் காட்ட வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் ஆர்.கே.புரத்துக்கே தனி நிலையம் இருக்கிறது. உங்களுக்கு அருகில் இருப்பதைப் பாருங்கள். ஒரு நுணுக்கம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அதில் போடுகிற ஏ.க்யூ.ஐ. (காற்றுத் தரக் குறியீடு) எண் நுண்துகளுக்குக் கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. நேற்று ராத்திரி காற்றடித்துச் சுத்தமாகியிருந்தாலும் காலையில் எண் பெரிதாகவே இருக்கும், எதிர்மாறாகவும் நடக்கும். அதனால் அந்தந்த மணி நேரத்தின் பி.எம். 2.5 என்கிற நுண்துகள் அளவையும் பார்ப்பது என் வழக்கம். நான் எனக்கென்று வைத்திருக்கும் கணக்கு: ஏ.க்யூ.ஐ. 200 வரை வழக்கம் போல, 200-லிருந்து 300 வரை முகமூடியோடு, மூச்சு வாங்காத வேகத்தில், 300-ஐத் தாண்டினால் சைக்கிள் இல்லை. ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டு இன்னும் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். லீவு நாளில் ஓட்டுவதென்றால் விடிகாலையை விட்டுவிட்டு மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள். வெயில் ஏறிக் காற்று மேலெழும்பினால்தான் தரையோடு தேங்கிக் கிடக்கும் புகை கொஞ்சம் விலகும். ஊரில் அதிகாலைக் காற்று நல்லது என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம். எனக்கும் இரண்டு வருஷம் ஆயிற்று.

முகமூடி என்றால் என்-95, அதுவும் தலைக்குப் பின்னால் பட்டை போகிற வகை. காதில் மாட்டுவது ஹெல்மெட் வாரோடு மோதித் தளர்ந்துவிடும். துணி முகமூடி குளிரைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. கண்ணாடி போட்டவர்கள் மூக்குக் கம்பியை நன்றாக அழுத்திவிட்டு, கண்ணாடியை அதன் மேலே உட்கார வையுங்கள். ஆவி படிவது பாதிக்குப் பாதி குறையும்.

இனி குளிர். 2021 ஜனவரி 1 காலையில் டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது. அவ்வளவு கீழே போவது அபூர்வம். நான்கு ஐந்து டிகிரி சகஜம். ஐந்து டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு ஒரு டிகிரி போல உறைக்கும். முதலில் அடிபடுவது விரல்கள். கால் மிதிக்கிறது, உடம்பு சூடாகிறது. விரல் மட்டும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி எதிர்காற்றில் அசையாமல் இருக்கிறது. பின்னல் கையுறையில் காற்று புகுந்து வெளியே போகும். நான் மருந்துக் கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் கையுறையை உள்ளே போட்டு, அதன் மேல் மோட்டார் பைக் ஓட்டுகிறவர்கள் போடும் கையுறையை மாட்டுகிறேன். உள்ளே வேர்க்கும், ஆனால் விரல் மரத்துப்போகாது. வாங்கும்போது போட்டுப் பார்த்து, இரண்டு விரலால் பிரேக்கை இழுக்க வருகிறதா என்று கட்டாயம் சோதியுங்கள்.

உடம்புக்கு ஒரே ஒரு கனத்த ஜாக்கெட் போடாதீர்கள். உள்ளே ஒட்டிய தெர்மல், நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட். வாசலில் நிற்கும்போது லேசாக நடுங்க வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிஷத்தில் வேர்த்து, அந்த ஈரம் ஆபீசில் உட்கார்ந்த பிறகு குளிராக மாறும். பையில் ஒரு மாற்று உடுப்பு எப்போதும் இருக்கட்டும். ஜாக்கெட் காற்றைத் தடுக்கவில்லை என்றால் நெஞ்சுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே நேற்றைய செய்தித்தாள் இரண்டு பக்கத்தை மடித்து வையுங்கள், ஆச்சரியமாக வேலை செய்யும். சால்வையும் துப்பட்டாவும் பைக்குள்தான். செயினிலோ பின் சக்கரத்திலோ மாட்டினால் கழுத்தை இழுத்துவிடும். காலுக்கு இரண்டு சாக்ஸ் போட்டு ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் ஜில்லென்று ஆகும். ஒரு நல்ல உல்லன் சாக்ஸ் போதும். உதட்டுக்கும் கன்னத்துக்கும் தேங்காய் எண்ணெய். பாட்டிலில் வெள்ளைக் கட்டியாக உறைந்திருக்கும், முந்தின ராத்திரியே கொஞ்சம் சின்ன டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணெயைச் செயினுக்குப் போட்டுவிடாதீர்கள். என் அண்ணன் மகள் போட்டாள். மறுநாள் செயின் மெழுகு பூசியது போல விறைத்திருந்தது. சைக்கிள் கடையில் செயின் ஆயில் என்றே கேட்டு வாங்கி, வாரம் ஒருமுறை துடைத்துவிட்டு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விடுங்கள். சக்கரத்தில் காற்றும் குளிரில் குறையும்: 25 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. அடித்த டயர் 5 டிகிரியில் 46 பக்கம் நிற்கும். பஞ்சர் என்று பயப்பட வேண்டாம், அடித்துக்கொள்ளுங்கள். ஆனால் ரொம்பக் கெட்டியாக அடிக்காதீர்கள். ஈரத் தூசி படிந்த ரோட்டில் டயர் கொஞ்சம் அமுங்கினால்தான் பிடிக்கும். வழுக்குவது முக்கியமாக மூன்று இடம்: மேம்பாலத்தில் குறுக்கே போகும் இரும்புப் பட்டை, ரோட்டில் அடித்த வெள்ளைப் பெயின்ட், சாக்கடை மூடி. அவற்றின் மேல் ஏறும்போது பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

குளிர்கால மழை பெரும்பாலும் தூறலாக வந்து போய்விடும். பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கி இஞ்சி டீ குடித்துவிட்டுப் போகலாம். மட்கார்டு இருந்தால் போதும். ஜூலை மழை வேறு கதை. மின்டோ பாலம் மாதிரித் தண்ணீர் தேங்கும் சுரங்கப் பாதைகளில் அப்போது சைக்கிளை இறக்கவே கூடாது. நாவல் மரச் சாலைகளில் பழம் நசுங்கி எண்ணெய் கொட்டியது போல வழுக்கும். அதை மழைக்காலத்தில் தனியாக எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை வெளியே பனியில் விடாமல் மாடிப்படிக்குக் கீழேயாவது நிறுத்துங்கள். பழைய வேட்டித் துணியால் ரிம்மையும் பிரேக் கட்டையையும் துடையுங்கள். விரல் சில்லிட்டிருந்தால் அடுப்பில் நேரே காட்டாமல் அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. இரண்டு வெல்லக் கடலை மிட்டாய் சாப்பிட்டுவிட்டு, விளக்கு இரண்டையும் சார்ஜில் போடுங்கள்.