பாத்ரூமை இடித்துக் கட்ட கான்ட்ராக்டர் பிடிப்பது எப்படி?

சென்னையில் இருபது வருடம் ஆன ஒரு ஃபிளாட்டில் பாத்ரூமைப் புதுப்பிப்பது சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் ஐந்துக்கு எட்டடி அறைக்குள் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் போடுபவர் என நாலு பேர் அடுத்தடுத்து நுழைவார்கள். ஒருவர் விட்ட குறையை அடுத்தவர் மூடிவிட்டுப் போவார். மூன்று மாதம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் காலிங் பெல் அடிக்கும்போதுதான் அது தெரியவரும். அதனால் ஒவ்வொரு கட்டமும் மூடப்படுவதற்கு முன் சோதித்துக் காட்டச் சம்மதிக்கிறவரா என்பதை வைத்துத்தான் கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 1: டேப்பை எடுத்து அளங்கள்

மேஸ்திரியைக் கூப்பிடும் முன் நீங்களே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 5 × 8 அடி அறை என்றால் தரை 40 சதுர அடி. சுற்றளவு 26 அடி. சுவரில் 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் என்றால் 182. இரண்டரை அடி அகலக் கதவுக்கு 17.5 கழித்தால் 164.5. ஆக மொத்தம் 204.5 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் கூட்டினால் 225 அடிக்கு டைல்ஸ் வாங்க வேண்டும். ஆனால் ஒட்டுகூலியை 204.5-க்குத்தான் கொடுக்க வேண்டும். கதவைக் கழிக்காமலும், சேதத்துக்கும் சேர்த்தும் கூலி போடுவது சகஜமாக நடப்பதுதான். கணக்கு கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

படி 2: ஆள் தேடும் இடம்

ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லும் ஆளுக்குப் பின்னால் கமிஷன் இருக்கலாம். உங்கள் குடியிருப்பிலேயே வேலை செய்தவர்களை முதலில் விசாரியுங்கள். கட்டடத்தின் பைப் எங்கே ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். போன மாதம் முடித்த பாத்ரூமைக் காட்டினால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். புது டைல்ஸ் எல்லாமே பளபளக்கும். இரண்டு வருடம் ஓடிய பாத்ரூமைப் பார்க்கக் கேளுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது மூன்று: சொன்ன தொகைக்கு மேல் எவ்வளவு போனது, இடையில் எத்தனை நாள் ஆள் வரவில்லை, வேலை முடிந்தபின் போன் எடுத்தாரா.

படி 3: மூன்று கொட்டேஷன், ஒரே பட்டியல்

வேலைப் பட்டியலை நீங்கள் எழுதி, மூவருக்கும் அதையே கொடுங்கள். ஆளுக்கொரு மாதிரி எழுதினால் ஒப்பிட முடியாது. விலை மிகக் குறைவாக வந்தால் எதை விட்டிருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் விடுபடுவது சங்கன் பகுதியை, அதாவது பைப் ஓடுவதற்காகத் தாழ்வாக விட்டு நிரப்பிய தரையை, தோண்டுவதுதான். பழைய பாத்ரூமின் தரைக்கு அடியில் இருக்கும் நிரப்பல் பல வருடத் தண்ணீர் குடித்து ஊறியிருக்கும். அதைத் தோண்டாமல் மேலே டைல்ஸ் ஒட்டினால் ஒழுக்கு நிற்காது. அடுத்து இடிபாடு. மூன்றாவது மாடியிலிருந்து மூட்டை இறக்கும் கூலி யாருடையது, வண்டி யாருடையது என்று எழுத வேண்டும். தெருவோரத்தில் கொட்டினால் பக்கத்துவீட்டார் மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்வார்கள். பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

ஜிஎஸ்டி போடுகிறார் என்றால் அவருடைய எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் அடித்துப் பாருங்கள். எண்ணும் எழுத்துமாக 15 இருக்கும். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். கொட்டேஷனில் உள்ள பெயரும் அங்கே வரும் பெயரும் ஒன்றா?

படி 4: பொருள் யார் வாங்குவது?

முதல் முறை செய்பவருக்குக் கலப்பு முறை நல்லது. சிமென்ட், மணல் அவர் பொறுப்பு. டைல்ஸ், பைப், குழாய்கள், வாட்டர் புரூஃபிங் ரசாயனம், டைல்ஸ் ஒட்டும் பசை ஆகியவற்றுக்குக் கடையில் நீங்களே பணம் கட்டி, பில் உங்கள் பெயரில் வாங்குங்கள். வாரண்டியும் உங்களிடமே இருக்கும், "மெட்டீரியல் வாங்கணும் சார்" என்று பெரிய அட்வான்ஸ் கேட்கும் காரணமும் போய்விடும். டைல்ஸ் பெட்டிகளில் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். மாறினால் நிறம் லேசாக வேறுபடும்.

கலவை, பூச்சுக்கு எந்தத் தண்ணீர் என்பதையும் பேசிவிடுங்கள். கடலோரப் பகுதியில் உப்பு போர் தண்ணீரில் பூசிய சுவர் பின்னால் வெள்ளையாகப் பூக்கும்.

படி 5: பணமும் சோதனையும்

இந்த அட்டவணையை ஒப்பந்தத் தாளிலேயே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்:

- அட்வான்ஸ்: 10%
- இடிப்பு, பைப் வேலை முடிந்து பிரஷர் டெஸ்ட் தேறியதும்: 25%
- வாட்டர் புரூஃபிங் முடிந்து தண்ணீர் தேக்கும் சோதனை தேறியதும்: 25%
- டைல்ஸ், கிரவுட் (டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் பூச்சு) முடிந்ததும்: 20%
- ஃபிட்டிங்ஸ் மாட்டிச் சுத்தம் செய்ததும்: 10%
- ஒரு மாதம் புழங்கிய பிறகு: 10%

பிரஷர் டெஸ்ட்டுக்கு எல்லா முனையையும் அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா பார்க்க வேண்டும். சி.பி.வி.சி பைப்பை (சுடுதண்ணீருக்கும் போடும் பிளாஸ்டிக் பைப்) ஒட்டிய உடனே செய்யக்கூடாது, பசை காயட்டும். சுவரைப் பூசிய பிறகு "டெஸ்ட் பண்ணியாச்சு" என்று சொன்னால் அந்தத் தவணையைக் கொடுக்காதீர்கள்.

வாட்டர் புரூஃபிங்தான் அதிகம் ஏமாற்றப்படும் இடம். முதல் கோட் நெடுக்கு, காய்ந்தபின் இரண்டாவது குறுக்கு. தரை 40, சுற்றிலும் ஓரடி உயரத்துக்கு 26, ஷவர் மூலையில் கூடுதலாக 30: சுமார் 96 சதுர அடி, இரண்டு தடவை. டப்பாவில் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று அச்சிட்டிருக்கும். அதை வைத்து வாங்குங்கள். காலி டப்பாக்களைத் தூக்கிப்போட விடாமல் எண்ணுங்கள், தண்ணீர் கலந்து நீட்டியிருந்தால் பாதி டப்பா மிச்சம் இருக்கும். பிறகு வடிகால் துளையை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் கூரையைப் போய்ப் பாருங்கள். சங்கடமாக இருந்தாலும் செய்துவிடுங்கள்.

டைல்ஸ் ஒட்டும்போது நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்குகிறார்களா பாருங்கள். அப்படி ஒட்டினால் இடையில் வெற்றிடம் இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினால் "டொக்" என்று கேட்கும். விட்ரிஃபைட் டைல்ஸ் (கண்ணாடி போல இறுகச் சுட்டது) தண்ணீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் குறைவு. வெறும் சிமென்ட் பால் அதில் பிடிக்காது, பசைதான் வேண்டும். தரைச் சரிவு எட்டடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கட்டும். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் எங்கும் தேங்கக்கூடாது.

படி 6: "எக்ஸ்ட்ரா" வரும்போது

சுவரை உடைத்ததும் துருப்பிடித்த பைப் கிடைப்பது நிஜம்தான், கூடுதல் செலவு எப்போதும் ஏமாற்று அல்ல. ஆனால் வேலைக்கு முன்பே தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி, நீங்கள் "சரி" என்று பதில் போட்ட பிறகே தொடங்கச் சொல்லுங்கள். தவணையை வங்கி வழியாகவே கொடுத்து, "3-வது தவணை, தண்ணீர் சோதனை முடிந்தது" என்று குறிப்பிடுங்கள். தூணையோ பீமையோ கொத்திப் பைப் விட அனுமதிக்கவே கூடாது. எக்ஸ்ட்ரா பணம் கேட்காவிட்டாலும்தான்.

தேதி குறிக்கும்போது பொங்கல், தீபாவளியைத் தள்ளிவையுங்கள். ஊருக்குப் போன ஆட்கள் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை வீட்டில் பாத்ரூம் இருக்காது. அசோசியேஷனில் இடிக்கும் நேரத்துக்கும் லிஃப்டில் மூட்டை ஏற்றுவதற்கும் முதல் நாளே அனுமதி வாங்கிவிடுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு ஆள் காணாமல் போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கையெழுத்திட்ட தாள், வங்கிக் குறிப்பு, வாட்ஸ்அப் "சரி", டைல்ஸ் போடுவதற்கு முன் தினமும் எடுத்த போட்டோக்கள் ஆகியவற்றை இணைத்துக் கொடுங்கள்.