காருக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஃபியூஸைப் பாருங்கள்

என் தம்பி தன் சின்னக் காருக்கு முதன்முதலாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்தான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘2000 வாட்’ என்று போட்டிருந்தது. மாட்டிவிட்டு ஒலியைக் கூட்டினால் பாட்டு கரகரத்தது. சத்தம் பெரிதாகக் கூடவில்லை. கழற்றிப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். மின் இணைப்பு முனைகளுக்கு அருகே நிறமற்ற ஒரே ஒரு ஃபியூஸ். அதன் தலையில் 25 என்ற எண். பெட்டி மறைத்ததை அந்த எண் சொல்லிவிட்டது. குறைந்த செலவில் நல்ல ஆம்ப்ளிஃபயர் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது அதைப் படிக்கத்தான்.

படி 1: ஸ்பீக்கரிலிருந்து தொடங்குங்கள்

கடைக்குப் போகும் முன் உங்கள் ஸ்பீக்கரின் பின்புறத்தையோ அதன் கையேட்டையோ பாருங்கள். இரண்டு எண்கள் வேண்டும்: ஆர்எம்எஸ் வாட், ஓம். ஆர்எம்எஸ் என்பது ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் ஆற்றல். ஓம் என்பது அதன் மின்தடை. ‘பீக்’, ‘மேக்ஸ்’ என்று எழுதியிருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கார் ஸ்டீரியோக்களின் முகப்பில் ‘50 × 4’ என்று இருக்கும்; உண்மையில் அவை ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கான வெளியீட்டுக்கு, தருவது ஏறத்தாழ 15 முதல் 20 வாட்தான். ஆகவே 40 அல்லது 50 வாட் ஆர்எம்எஸ் தரும் நேர்மையான ஆம்ப்ளிஃபயரே உங்களுக்குப் பெரிய மாற்றமாகத் தெரியும்.

படி 2: எத்தனை சேனல்?

புதியவர்களுக்கு நான்கு சேனலே என் பரிந்துரை. இன்று நான்கு கதவு ஸ்பீக்கர்களையும் அதில் இணைக்கலாம். நாளை சப்வூஃபர் (அடித்தொனிக்கான ஸ்பீக்கர்) ஆசை வந்தால், முன்பக்க ஸ்பீக்கர்களை இரண்டு சேனலில் விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே வெளியீடாக்கி, சப்வூஃபருக்குக் கொடுக்கலாம். ஒரே பொருள், இரண்டு பயன். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்கள் பிரிட்ஜ் நிலையில் 4 ஓமுக்குக் குறைவாகத் தாங்காது. இரண்டு 4 ஓம் சப்வூஃபர்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். ஆம்ப்ளிஃபயர் சூடேறி நின்றுபோகும், சில நேரம் எரிந்தும் போகும்.

படி 3: ஃபியூஸ் கணக்கு

எஞ்சின் ஓடும்போது காரில் சுமார் 14 வோல்ட் இருக்கும். 14 × 25 ஆம்பியர் = 350 வாட். இதற்கு மேல் தொடர்ந்து இழுத்தால் ஃபியூஸ் போய்விடும். உள்ளே போகும் 350 வாட்டும் ஸ்பீக்கருக்கு வராது. ஆம்ப்ளிஃபயரின் மின்சுற்றில் ஏபி, டி என்று வகுப்புகள் உண்டு. ஏபி வகுப்பு ஆம்ப்ளிஃபயர் ஏறக்குறையப் பாதியை வெப்பமாக்கிவிடும். மிஞ்சுவது 175 வாட், நான்கு சேனலுக்குப் பிரித்தால் தலா 44 வாட். டி வகுப்பாக இருந்தால் 80 சதவீதம் வரை கிடைக்கும். தலா 70 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாயிரம் எங்கே, இது எங்கே! பெட்டியில் பொய்யை அச்சிட்டு விற்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. முதல் சம்பளத்தில் வாங்கும் பிள்ளைகள்தான் அதில் ஏமாறுகிறார்கள்.

சில ஆம்ப்ளிஃபயர்களில் ஃபியூஸ் வெளியே இருக்காது. அப்போது கையேட்டில் எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெட்டியில் ‘சிஇஏ-2006’ என்ற குறி இருந்தால் நல்லது. அமெரிக்காவில் 2003இல் வந்த தர அளவுகோல் அது, 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மேல் சிதைவு இல்லாமல் அளந்த ஆற்றலையே எழுத வேண்டும் என்கிறது.

பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்கவும் தயங்க வேண்டாம். பெயர்பெற்ற நிறுவனத்தின் பழைய பொருள் பெயரில்லாத புதிய பொருளைவிட மேல். ஆனால் கையேடு 25 ஆம்பியர் என்று சொல்லும் இடத்தில் 40 செருகியிருந்தால் வாங்காதீர்கள். ஃபியூஸ் அடிக்கடி போனதால் யாரோ பெரியதைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

படி 4: இணைப்பு

ஸ்டீரியோவின் பின்னால் ஆர்சிஏ வெளியீடு (ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் தரும் வட்ட இணைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். காரோடு வந்த ஸ்டீரியோவில் பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் ஸ்பீக்கர் வயரையே உள்ளீடாக ஏற்கும் வசதியுள்ள ஆம்ப்ளிஃபயரை வாங்குங்கள்.

படி 5: வயருக்குப் பணம் ஒதுக்குங்கள்

மொத்தப் பணத்தையும் ஆம்ப்ளிஃபயரில் கொட்டிவிட்டு, வயரில் மிச்சம் பிடிப்பது பெரிய தவறு. மேலே சொன்ன அளவுக்கு 8 கேஜ் தடிமனுள்ள செப்பு வயர் போதும். வாங்கும்போது ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவப்பும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது செப்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் குறைவான மின்னோட்டத்தையே தாங்கும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் தனியாக ஒரு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். வழியில் எங்காவது வயர் தேய்ந்து உடற்தகட்டில் பட்டால், வண்டி தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். எர்த் வயரைக் குட்டையாக வைத்து, பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்துத் தகடு பளிச்சிட்ட பிறகு முறுக்குங்கள்.

படி 6: கெயின்

கெயின் என்பது ஒலியளவுத் திருகு அன்று. ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு அது. ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, கெயினைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். ஸ்டீரியோவில் பாஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி, 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோப்பை முக்கால் பங்கு ஒலியளவில் ஓட்டுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் பிடியுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும்: 40 வாட், 4 ஓம் என்றால் 160இன் வர்க்கமூலம், சுமார் 12.6. அந்த எண் வரும்வரை கெயினை மெல்லத் திருப்பி, அங்கேயே விட்டுவிடுங்கள். கதவு ஸ்பீக்கர்களுக்கு, அடித்தொனியைத் தடுக்கும் ஹைபாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

ஒலிக்கோப்பை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர்களை மாட்டி, அரை மணி நேரம் பாட்டுக் கேளுங்கள். பிறகு பானெட்டைத் திறந்து ஃபியூஸ் கூட்டின் இரு முனைகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் சூட்டையும் மீறி அந்த இடம் மட்டும் சுட்டால் அங்கே வயர் தளர்ந்திருக்கிறது. பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு மீண்டும் இறுக்குங்கள்.