விடைக்கருவிகள் வாங்க அரசுப் பள்ளிகள் நிதி திரட்டும் வழி

ஆசிரியர் கேள்வியைத் திரையில் காட்டியதும் மாணவர் ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள சிறு கருவியின் பொத்தானை அழுத்தி விடையளிக்க, வகுப்பில் எத்தனை பேருக்குப் பாடம் புரியவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். கிளிக்கர் எனப்படும் இந்த ஏற்பாட்டில், கை தூக்கவே தயங்கும் பிள்ளையின் ஐயமும் ஆசிரியருக்குத் தெரியவருகிறது என்பதால், இதற்காக நிதி கேட்டு அலைவது வீண் வேலையாகாது.

எனினும், யாரிடமும் பணம் கேட்பதற்கு முன் ஒரு பருவம் காகித அட்டைகளைக் கொண்டு முயன்று பாருங்கள். பிளிக்கர்ஸ் என்ற செயலிக்குரிய அட்டைகளை அச்சிட்டுக் கொடுத்தால், அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்குமாறு மாணவர் பிடிக்கிறாரோ அதுவே அவருடைய விடையாகும். ஆசிரியரின் கைப்பேசி கேமரா அதைப் பதிவு செய்துகொள்ளும். பல பள்ளிகளுக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம். போதாது என்று தோன்றினால், அந்தப் பருவத்தின் பதிவுகளே உங்கள் கோரிக்கைக்கு வலுவான சான்றாகும்.

அடுத்து, ஒருமுறை ஆகும் செலவையும் ஆண்டுதோறும் ஆகும் செலவையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். கருவிகள், கணினியில் பொருத்தும் ரிசீவர், சில மாற்றுக் கருவிகள் ஆகியவை முதல் வகை. பேட்டரி, பழுதுபார்ப்பு, மென்பொருள் சந்தா ஆகியவை இரண்டாம் வகை. சந்தா முடிந்த பிறகும் கருவிகள் இயங்குமா என்பதை விற்பனையாளரிடம் எழுத்து மூலமாகவே கேட்டுப் பெறுங்கள், ஏனெனில் நன்கொடையாகக் கிடைத்த கருவிகள் பீரோவில் முடங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டாம் வகைச் செலவை யாரும் எண்ணிப் பார்க்காததே காரணம். வகுப்புக்கு ஒரு கருவித் தொகுதி தேவையில்லை. கால அட்டவணைப்படி பகிர்ந்துகொண்டால் பள்ளிக்கு ஒன்று போதும்.

பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி இக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை வகுப்பதும் இக்குழுவின் பொறுப்பே. கோரிக்கை அத்திட்டத்தில் இடம்பெற்றிருந்தால், அது ஓர் ஆசிரியரின் தனி விருப்பமாக அல்லாமல் ஊரின் தேவையாகவே பார்க்கப்படும்.

கருவிகளுக்கான தொகையைப் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கேட்பதே என் கருத்தில் பொருத்தமான வழி. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆவது பிரிவின் கீழ் வரும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டை இத்தகைய பணிகளுக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் அச்சட்டம் சொல்கிறது. ஆகவே அருகிலுள்ள தொழிற்சாலையை, ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு அது திட்டம் வகுக்கும் முன்பே அணுகுங்கள். தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாக முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ முடியும்.

பள்ளிக் கல்விக்கான மத்திய அரசுத் திட்டமான சமக்ர சிக்ஷா வழங்கும் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கைக்கேற்ப மாறுபடும். மின்கட்டணம், தூய்மைப் பணி எனப் பலவற்றுக்கும் அதுவே ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால், அதை நம்பிக் கருவிகளை வாங்க வேண்டாம். பேட்டரி போன்ற சிறு செலவுகளுக்கு அதைப் பயன்படுத்தலாம்.

கருவிகள் வந்து சேர்ந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணுடன் பதிந்து, பொறுப்பாசிரியர் ஒருவரை நியமியுங்கள். எந்தெந்தப் பாடங்களில் அவை பயன்பட்டன என்பதைப் பருவந்தோறும் ஒரு பக்கத்தில் எழுதி நன்கொடையாளருக்கு அனுப்பும்போது, அடுத்த ஆண்டுக்கான சந்தாத் தொகையையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.